காற்றின் வாயில்

நெடும்பயணம் புறப்படும் சைக்கிள்காரர் சங்கிலியையும் பிரேக்கையும் கருத்தாகச் சோதிப்பார். காற்று உட்புகும் வால்வை நோக்குவோர் சிலரே. ஆயினும், சுமையேற்றிய வண்டி ஊருக்கு அப்பால் காற்றிழந்து நிற்குமானால், பயணமே அச்சிற்றுறுப்பை நம்பியதாகிவிடும்.

1888-ஆம் ஆண்டில், பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடைத்த காற்று வெளியேறாதிருக்க ஒருவழிக் கதவு வேண்டுமன்றோ? அதுவே வால்வு. இன்று பெருவழக்கிலுள்ளவை மூன்று வகை.

முதலாவது, நம் ஊர்ச் சைக்கிள்களில் காணும் டன்லப் வால்வு. பக்கத்தில் துளையுள்ள சிறு உலோகத் தண்டின்மீது மெல்லிய ரப்பர்க் குழல் போர்த்தியிருக்கும். அதனை வால்வு டியூப் என்பர். பம்பிலிருந்து வரும் காற்று இக்குழலை விலக்கி உட்செல்லும். உள்ளிருக்கும் காற்றோ அதனை அழுத்தித் துளையை மூடும். வெப்பத்தால் ரப்பர் நைந்து போவதுண்டு. சிறு துண்டொன்றை மாற்றினால் சீராகிவிடும்.

இரண்டாவது, மோட்டார் வண்டிகளுக்குரிய ஷ்ரேடர் வால்வு. இதனை ஸ்பிரிங் மூடி வைக்கிறது. காற்றழுத்தத்தை எளிதில் அளக்கலாம். பெட்ரோல் நிலையத்திலும் காற்றடிக்கலாம். ஆனால் சைக்கிள் டியூப் சிறிது. ஆகவே சிறிது சிறிதாகவே அடித்தல் வேண்டும்.

மூன்றாவது, மெலிந்த பிரெஸ்டா வால்வு. நுனித் திருகைத் தளர்த்திக் காற்றடித்து, மீண்டும் இறுக்க வேண்டும். இதன் தண்டு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். ஷ்ரேடரின் தண்டு 8. துளை சிறியதாகையால் குறுகிய ரிம்முக்கு இது ஏற்றது. கவனமின்றிப் பம்பைப் பொருத்தினால் நுனி வளைந்துவிடும்.

மாணவ நண்பர்களே, இவற்றுள் எதனைத் தேர்வது? முதலில் ரிம்மின் துளையைப் பாருங்கள். பெருந்துளையில் மெல்லிய வால்வை ஒரு வளையமிட்டுப் பொருத்தலாம். சிறுதுளையில் பெரிய வால்வு நுழையாது. அடுத்து, செல்லும் வழியை எண்ணுங்கள். சிற்றூர்ச் சைக்கிள் கடையில் வால்வு டியூப் கிடைக்கும். பிரெஸ்டா டியூப் கிடைப்பது அரிது. பிரெஸ்டாவையே விரும்புவோர் மாற்று டியூப் இரண்டும், மோட்டார் பம்பை இணைக்கும் சிறு பித்தளைத் திருகும் உடன்கொள்க. எவ்வகையாயினும், கைப்பம்பு அதற்குப் பொருந்துகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பயணிக்குச் சிறந்த வால்வு எது? பழுதுற்ற இடத்திலேயே செப்பனிடக் கூடியது எதுவோ, அதுவே.