கச்சேரிக்கு மறுநாள்

கச்சேரிக்குப் பின் சில நாட்களில் பத்திரிகையைப் பிரித்து, நாம் கேட்ட பாட்டைப் பற்றி விமரிசகர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது ஒரு காலத்தில் சங்கீத ரசிகர்களின் வழக்கமாக இருந்தது. படித்துத் தலையசைத்தவர்களும் உண்டு. சீறி எழுந்தவர்களும் உண்டு. இன்று அவ்வழக்கம் தேய்ந்துவிட்டது. தலைநகரில் கச்சேரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பற்றிய எழுத்துக்குத்தான் பஞ்சம் வந்திருக்கிறது. இதனால் நாம் இழப்பது என்ன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

தமிழில் சங்கீத விமரிசனத்துக்கு நல்ல பரம்பரை உண்டு. வித்வான்கள் பொருள் விளங்காத சில கீர்த்தனங்களையே திரும்பத் திரும்பப் பாடுவதைப் பற்றி மகாகவி பாரதியார் கட்டுரை வாயிலாகக் குறைப்பட்டுக் கொண்டார். 1930-களில் ரா. கிருஷ்ணமூர்த்தி, அதாவது கல்கி, 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் 'ஆனந்த விகடன்' இதழில் விமரிசனம் எழுதினார். சுரஞானம் இல்லாத வாசகரும் சிரித்துக்கொண்டே படித்து, அடுத்த கச்சேரிக்குப் போகத் துணிந்தார்கள். 1940-களில் எழுந்த தமிழிசை இயக்கத்துக்கும் அவருடைய பேனா பெரிய துணையாயிற்று. சங்கீதத்தைப் பற்றிய எழுத்து, மேடையில் பாடப்படும் பாட்டையே மாற்ற வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்பரம்பரையின் ஒரு கிளை தில்லியிலே தழைத்தது. 1917-இல் பிறந்த பி. வி. சுப்பிரமணியம், பர்மாவில் வாழ்ந்தவர். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின் போது நடந்தே இந்தியா வந்து சேர்ந்த பல்லாயிரவரில் ஒருவர். மத்திய சர்க்காரின் நிதி அமைச்சகத்தில் உத்தியோகம். மாலையில் சபைகளில் முன்வரிசை. 'சுப்புடு' என்னும் பெயரில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையிலும் தமிழ் இதழ்களிலும் அவர் எழுதியவை புகழ் பெற்ற வித்வான்களையும் கலங்கச் செய்தன. அவருடைய கடுமை சில வேளைகளில் வரம்பு கடந்தது என்று வருந்தியவர்கள் பலர். ஆயினும், பிழையாகப் பாடினால் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் மேடையில் நிலவியது. 2007-இல், தம் தொண்ணூறாவது வயதில், அவர் தில்லியில் மறைந்தார். அந்த முன்வரிசை நாற்காலி இன்னும் நிரம்பவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? முடிந்துபோன கச்சேரியைப் பற்றி எழுதினால் ஒரு டிக்கட்டும் விற்காது. நடக்கப்போகும் கச்சேரியைப் பற்றி எழுதினால் சபைக்கும் லாபம், கலைஞருக்கும் மகிழ்ச்சி. ஆகையால் விமரிசனத்தின் இடத்தை முன்னறிவிப்பும் பேட்டியும் படமும் பிடித்துக்கொண்டன. விமரிசகருக்குக் கிடைத்த சன்மானமும் பெரும்பாலும் அற்பமே. வேறு உத்தியோகத்தில் வயிறு வளர்த்து, ஆர்வத்தால் எழுதியவர்களே மிகுதி. அவர்கள் ஓய்ந்தபின், இளைஞர் அவ்வேலைக்கு வரவேண்டிய காரணம் எதுவும் இல்லாமற் போயிற்று.

"இப்பொழுதுதான் எல்லாக் கச்சேரியும் ஒலிப்பதிவாகக் கிடைக்கிறதே, காதால் கேட்டுக்கொள்ளலாமே, எழுத்து எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒலிப்பதிவு நாதத்தை மட்டுமே காக்கும். பாடகர் தோடியை விரித்தபோது காந்தாரத்தில் நின்ற நிலை எப்படி இருந்தது, பிடில்காரர் அதை உள்வாங்கிக்கொண்டாரா, அல்லது தம் பழைய பாடத்தையே ஒப்பித்தாரா, தனி ஆவர்த்தனத்தின்போது எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்பவற்றை எடுத்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். ஆயிரம் பதிவுகள் குவிந்து கிடக்கும்போது, எதை முதலில் கேட்பது என்று வழிகாட்டவும் ஒரு மனிதர் வேண்டும். "அருமை, அபாரம்" என்னும் சொற்கள் வழிகாட்ட மாட்டா. எல்லாரும் அபாரமென்றால், உண்மையிலேயே அபாரமாகப் பாடுகிறவருக்கு அளிக்க நம்மிடம் சொல் ஏது?

இந்த நஷ்டம் சென்னை நகரத்தாரைவிட நமக்கு அதிகம். சென்னையில் கச்சேரியைத் தவறவிட்டவர் அடுத்த வாரம் இன்னொன்றைக் கேட்கலாம்; விஷயமறிந்த அண்டை வீட்டாரிடம் விசாரிக்கலாம். கரோல்பாகிலோ, மும்பை மாதுங்காவிலோ, கொல்கத்தாவிலோ வாழ்ந்த தமிழருக்கு மார்கழி மாதத்துச் சென்னை, எழுத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது. இன்னொன்றும் உண்டு. தலைநகரில் இரண்டு மூன்று தலைமுறைகளாக நம்மவர் நடத்திவரும் சபைகளின் சரித்திரம் எங்கே இருக்கிறது? யார் எந்த ஆண்டில் இங்கே பாடினார், எந்த இளைஞர் இங்கே முதன்முதலில் பெயரெடுத்தார் என்பன, பெரும்பாலும் பழைய பத்திரிகைகளின் விமரிசனப் பத்திகளில்தான் இருக்கின்றன. இன்று நடப்பதை எழுதாவிட்டால், நாளை நம் பேரக் குழந்தைகளுக்கு இந்நகரில் நம் சங்கீதம் வாழ்ந்ததற்கு அத்தாட்சி, மங்கிப்போன அழைப்பிதழ்கள் மட்டுமே.

ஆகவே, பத்திரிகைகள் மனம் மாறட்டும் என்று காத்திராமல், நம்மால் இயன்றதைச் செய்யலாம். ஒவ்வொரு சபையும் கச்சேரிக்குப் பின் ஒரு பக்கம் அச்சிடட்டும். பாடிய உருப்படிகள், ராகம், தாளம், பக்கவாத்தியக்காரர் பெயர், தேதி ஆகியவற்றைக் குறித்து, அடியில் ரசிகர் ஒருவரின் மனம்திறந்த அபிப்பிராயத்தையும் சேர்க்கட்டும். எழுதுபவர் சபையின் காரியதரிசியாக இருத்தல் ஆகாது. கலைஞருக்கு உறவினராக இருத்தலும் ஆகாது. பாட்டுக் கற்கும் மாணவ மாணவியரிடம் இப்பணியை ஒப்படைத்தால், கேள்வியும் எழுத்தும் ஒருங்கே வளரும். ஒன்றை எழுத முயலும்போதுதான், நாம் எவ்வளவு அரைகுறையாகக் கேட்டோம் என்பது விளங்கும்.

கலைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். குறை சொல்லும் எழுத்து உங்களுக்குப் பகையன்று. ஆலாபனை முழுவதையும் அமர்ந்து கேட்டு, வீட்டுக்குப் போய் அதைப் பற்றி யோசித்து எழுதியவர் உங்களுக்குச் செய்த மரியாதை, பாதிக் கச்சேரியில் எழுந்து போய்விட்டு மாலையும் பொன்னாடையும் போர்த்துபவர் செய்யும் மரியாதையிலும் பெரிது.