அந்தக் கட்டைவிரல் ரேகை எங்கே போச்சு?



நோட்டீஸில் நான் பெண் கல்வி பற்றிப் பேசுவேன் என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பேச இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு பத்திரப்பதிவு அலுவலகத்தில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

நம்ம ஊர்ப் பக்கத்து அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். தம்பி கூட்டிவந்திருந்தார். கட்டைவிரலை மிஷினில் வைக்கச் சொன்னார்கள். மிஷின் எடுக்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். எடுக்கவில்லை. தம்பி மனைவி தன் தலைமுடியில் விரலைத் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பிசுக்கை அக்காவின் விரலில் தடவினார். அப்போதும் இல்லை. தம்பி கையைப் பிடித்து அமுக்குகிறார்: "நல்லா அழுத்துக்கா. ஒரு கையெழுத்துதானே!"

நான் கிட்டப் போய் அந்த விரலைப் பார்த்தேன். கூழாங்கல் மாதிரி வழுவழு என்று இருந்தது. பத்து வயதில் களைக்கொத்து பிடித்த விரல் அது. வெயிலில் குந்தி உட்கார்ந்து மணிலா ஆய்ந்த விரல். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல். அந்த ரேகை எங்கே போச்சு? அப்பன் நிலத்தில் போச்சு! எந்த நிலத்தில் ரேகை தேய்ந்ததோ, அந்த நிலம் எனக்கு வேண்டாம் என்று எழுதித்தர அதே விரலைக் கேட்கிறார்கள்!

நாலாவது தடவை எடுத்துக்கொண்டது. வெளியே வந்ததும் கேட்டேன், என்ன பத்திரம்க்கா? "அப்பா பேர்ல இருக்கிற பட்டாவ மாத்தணுமாம்மா, அதுக்கு ஒரு கையெழுத்தாம்." கையில் ஒரு துணிக்கடைப் பை, உள்ளே ஒரு புடவை. அவர் ரேகை வைத்தது விடுதலைப் பத்திரத்தில். யாருக்குய்யா விடுதலை?

கிரிவலப் பாதையை ஒட்டிய பூமி அது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மழையை நம்பி மணிலா போட்ட மானாவாரிக் காடு. இன்றைக்கு அதைச் சதுர அடியில் விலை பேசுகிறார்கள். ஏக்கரில் பேசிய காலத்தில் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்ற ஞாபகமே இல்லாத தம்பிக்கு, சதுர அடி வந்ததும் அக்கா மேல் பாசம் வந்துவிட்டது!

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "பவுன் போட்டோமே, அதுவே பாகம்தான்." வரதட்சணை கொடுப்பதே குற்றம் என்று 1961லேயே சட்டம் வந்தாயிற்று. ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு அதையே ரசீதாகக் காட்டுகிறார்கள். "மாசம் ஆயிரம் அரசாங்கம் கொடுக்குதே, இன்னும் என்ன?" என்றார் இன்னொருத்தர். 2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டத்துக்கு மகளிர் உரிமைத் தொகை என்று பேர். உதவித் தொகை என்று வைக்கவில்லை, உரிமை என்று வைத்தார்கள். அரசாங்கம் தருகிற உரிமையைக் காட்டி அப்பன் வீட்டு உரிமையைப் பிடுங்குவீர்களா?

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார் பெரியார். அப்பனுடைய சுயசம்பாத்தியத்தில் மகளுக்குப் பங்கு 1956இல் வந்தது. பரம்பரைச் சொத்திலும் சமபங்கு என்று 1989 மார்ச் 25 முதல் சட்டமாக்கியவர் கலைஞர். அதற்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள் அதில் விட்டுப்போனார்கள். நம்ம அக்காவும் அதில் ஒருத்தர். 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் அந்த வாசலையும் திறந்துவிட்டது. 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் அப்பன் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே கிடையாது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதுதான் நிற்கும். இந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு காகிதமும் இல்லை. தொண்ணூறு வருஷம் மாநாடு போட்டு, சட்டசபையில் மல்லுக்கட்டி, கோர்ட்டுப் படி ஏறி வாங்கியதை ஒரு புடவையில் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு கையெழுத்துதானே!

தம்பிமார்களுக்குச் சட்டம் தெரியாது என்று நினைக்காதீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பத்து லட்சம் வரைக்குமான சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அது வந்த மறுநாளே பெண்டாட்டி ஆதார் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு சதவீதம் மிச்சம் என்றால் பெண் மகாலட்சுமி. பாதிப் பங்கு கேட்டால் குடும்பத்தைக் கெடுக்க வந்தவள்!

அந்தத் தம்பி என்னிடம் ஒன்று சொன்னார். "அக்கா வீட்டுல சும்மாதானே இருக்காங்க, நிலத்தை வச்சு என்ன செய்யப் போறாங்க?" சும்மாவா? 2019இல் மத்திய அரசே வீடு வீடாகக் கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண் கொடுக்கிற நேரம் ஒரு நாளைக்கு 299 நிமிஷம். ஆண் கொடுப்பது 97. சவுதியில் சம்பாதித்து அனுப்பிய கணவருடைய வழக்கில், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் முதலீடுதான், சொத்தில் சரிபாதி அவருக்கு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்குப் புரிந்தது கூடப்பிறந்தவனுக்குப் புரியவில்லை.

நம்ம ஊர்ச் சாமிக்குப் புரிந்ததே! அம்மன் தவமிருந்து இடப்பாகம் வாங்கிய ஊர் இது. தீபத்தன்று அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருகிற அந்த ரெண்டு நிமிஷத்தைப் பார்க்க லட்சம் சனம் நசுங்குகிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் அக்காவிடம் பத்திரத்தை நீட்டுகிறாயே, உனக்குக் கூச்சமாக இல்லையா?

ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வழக்குப் போடலாம். ஏமாந்தது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் அவகாசம். வக்கீலுக்குக் காசில்லை என்று யாரும் பயப்பட வேண்டாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துத்தரச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு இந்தக் கோயில் வாசலிலிருந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம்.

நேற்று ராத்திரி அந்தத் தம்பி மனைவி என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலிலேயே நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டார்: "எங்க அண்ணனுங்களும் பட்டா மாத்தணும்னு சொல்லி என்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கினாங்க. எனக்கும் ஒரு வக்கீல் கிடைப்பாங்களா?"