காணியை ஈடு வைக்கமுன்



வைத்தியராக விரும்பும் தங்கைமாருக்கு, இத்தொழிலில் இருக்கும் நாங்கள் சொல்வது இதுதான்: பீடத்தின் பெயருக்குமுன் செலவைப் பாருங்கள். 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவபீடமாயினும், கொழும்பு, பேராதனையாயினும், அரச பீடங்களில் கற்கக் கட்டணமில்லை. ஐந்து ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் எங்கும் ஒன்றே.

வெட்டுப்புள்ளி சற்றுத் தவறினால், உடனே வீட்டுக் காணியை ஈடு வைத்து வெளிநாடு போகவேண்டாம். படித்துத் திரும்பினாலும், இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே உள்ளகப் பயிற்சி. அதற்குள் வட்டி ஏறிவிடும். உயர்தரத்தை இன்னொருமுறை எழுதலாம். தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டங்களும் இங்கு இலவசமே. அவற்றைக் கற்றவர்களின்றி எங்கள் வைத்தியசாலைகள் ஒருநாளும் இயங்கா.

ஆனால் அறை வாடகையும் சாப்பாடும் இலவசமல்ல. மகாபொலப் பணம் கைக்கு வரவும் மாதங்கள் செல்லும். எங்கிருந்தாலும் பழைய மாணவிகளாகிய நாம், வகுப்புக்கு ஒரு பிள்ளையாக, முதல் வருட வாடகையைப் பொறுப்பேற்போம். நூற்றாண்டுக்கு அதுவே நல்ல நினைவுச்சின்னம்.