பொறி பிறக்கும் பொழுது
(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயத்தையோ இலக்கியத்தையோ பற்றி நான் பேசுவேன் எனப் பலர் எதிர்பார்த்திருக்கலாம். நானோ பழைய மோட்டார் வண்டியின் பொயின்ற் இடைவெளியையும் டைமிங்கையும் பற்றிப் பேச வந்துள்ளேன். சரஸ்வதி பூசையன்று வண்டிக்குச் சந்தனம் பூசி எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அதன் உள்ளே நடப்பதையும் அறிந்திருந்தால் அவ்வழிபாடு இன்னும் நிறைவெய்தும் அன்றோ?

நம் மலைநாட்டில் பழைய வண்டிகள் ஓடுவது பழமைப் பற்றினால் மட்டுமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. எனவே மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் நமக்கு இன்றும் வேண்டப்பட்டவையே.

இவ்வண்டிகளில் பொறி பிறப்பது எங்ஙனம்? மின்தூண்டலை மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்தார். அதனை மோட்டார் வண்டிக்குப் பொருந்த அமைத்தவர், 1910ஆம் ஆண்டளவில், அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங். பொயின்ற் எனப்படும் இரு சிறு முனைகள் ஒட்டியிருக்கும்போது பற்றரியின் மின் கொயிலின் முதற் சுருளில் ஓடுகிறது. அவை பிரியுங் கணத்தில் அவ்வோட்டம் அறுந்து, இரண்டாஞ் சுருளில் பல்லாயிரம் வோல்ற்று எழுந்து, பிளக்கில் பொறியாய்ப் பாய்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், இம்முனைகள் விநாடிக்கு 100 முறை பிரிகின்றன. அவ்வேகத்தில் எஞ்சின் ஒரு பாகை திரும்பும் நேரம், விநாடியின் 18,000இல் ஒரு பங்கு!

பெற்றோல் கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் வேண்டும். ஆதலால் பிஸ்டன் உச்சியை அடையச் சற்று முன்னரே பொறி பிறத்தல் வேண்டும். பிந்தினால் இழுவை குன்றி எஞ்சின் சூடேறும், பெற்றோலும் வீணாகும். மிக முந்தினால் எஞ்சின் தட்டும்; நாளடைவில் பிஸ்டனே சிதையும்.

இவை யாவும் மிஷன் பாடசாலையில் படித்தவைதாம். ஆனால் படித்ததனால் மட்டும் கைவரவில்லை. ஒரு முறை எங்கள் வீட்டுக் கார் ஏற்றத்தில் இழுக்கவில்லை. நான் மூடியைத் திறந்து முனைகளைப் பாராமலே, டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பிப் பொறியை முந்தச் செய்தேன். இழுவை வந்தது, பெருமையும் வந்தது. சில நாட்களின் பின், கொட்டும் மழை இரவில், பிரசவ வேதனையுற்ற அயல் லயத்துப் பெண்ணொருத்தியை ஏற்றிச் செல்கையில், வட்டவளை ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது.

உடன் வந்த லொறிச் சாரதியொருவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், டோர்ச் வெளிச்சத்தில் மூடியைத் திறந்தார். முனைகளைத் திறக்கும் குதி தேய்ந்து, இடைவெளி ஏறக்குறைய மூடியிருந்தது. தீப்பெட்டி அட்டையைக் கிழித்து அளவாக வைத்து இடைவெளியைத் திருத்தினார். எஞ்சின் உயிர்பெற்றது, ஆனால் கடுமையாகத் தட்டியது. நான் திருப்பியதை அவர் பின்னுக்குத் திருப்பினார். "தம்பி, மொதல்ல இடைவெளி, அப்புறந்தான் நேரம்," என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நாங்கள் வேளைக்கு ஆஸ்பத்திரியை அடைந்தோம். தாயும் சேயும் நலம்.

அவர் சொன்னதன் காரணம் இது: குதி தேயத் தேய முனைகள் பிந்தித் திறக்கும், பொறியும் பிந்தும். இடைவெளியைத் திருத்தினால் நேரமும் மாறும். எனவே முறை தவறலாகாது.

முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, குதி காமின் மேட்டுச்சியில் நிற்குமாறு எஞ்சினைத் திருப்புங்கள். மொறிஸ் மைனருக்கு இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. அளவுத்தகடு இலேசாக உராய்ந்து செல்லவேண்டும். ஆணியை இறுக்கியபின் மீண்டும் அளந்து, காமில் சிறிது கிறீஸ் பூசுங்கள். அது வறண்டால் குதி விரைவில் தேயும்.

அடுத்து, முதலாம் சிலிண்டரை அமுக்க வீச்சில் நிறுத்தி, கப்பியின் அடையாளத்தை வண்டிக் கைந்நூல் கூறும் பாகைக்குக் கொண்டுவாருங்கள். கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய கம்பியின் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே சிறு பல்பொன்றை இணைத்துச் சுவிட்சைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, றோட்டர் சுழலும் திசையில் பல்பு அணையும்வரை திருப்பி, பின் எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் இடமே பொறி பிறக்கும் இடம், அங்கே இறுக்குங்கள். முடிவில் ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தல் அவசியம். பழைய கைந்நூல்கள் அக்காலப் பெற்றோலுக்கு எழுதப்பட்டவை. நாம் ஊற்றுவதோ 92 அல்லது 95 ஒக்டேன்.

அன்பர்களே, வள்ளுவர் 'காலமறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதனை மனனஞ் செய்திருந்த நான், அம்மழையிரவில் ஒரு சாரதியிடம் மீண்டும் பாடங் கேட்டேன். நம்மிடையே அத்தகைய கைவல்லோர் பலர் முதுமையடைந்து வருகின்றனர். அடுத்த சரஸ்வதி பூசைக்கு முன், இளைஞர் ஒவ்வொருவரும் அவர்களுள் ஒருவரை அணுகி, ஒரு மூடியையேனும் திறந்து காட்டும்படி கேட்பார்களாக. பெரியோரும் மறுக்க மாட்டார்கள் என நம்பி அமைகிறேன்.