தொய்ந்த முகமும் மார்க்கத் தீர்வும்



முதலியார்பேட்டையில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இரு சகோதரர்கள் ஒரே கேள்வியுடன் வந்தார்கள்: "தொய்ந்த முகத்தை நூல் செலுத்தித் தூக்கி நிறுத்துகிறார்களாம். மனைவிக்குச் செய்யலாமா, ஹஜ்ரத்?" முதலாமவரின் மனைவிக்கு முகவாதத்தால் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. மற்றவரின் மனைவிக்கு ஐம்பது வயது, வேறு குறையில்லை.

கரையக்கூடிய நூலை ஊசியால் தோலுக்கடியில் செலுத்தி, தொய்ந்த சதையை மேலே இழுக்கும் முறை இது. நூல் சில மாதங்களில் கரைந்துவிடும்; பலனும் நிலைக்காது.

குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களின் வெள்ளி மூக்கு துர்நாற்றமெடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் (அபூதாவூத்). ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கமே குறை தீர்க்க அனுமதிக்கப்பட்டது! ஆனால் முதுமைக்கு மருந்தில்லை என்று கூறியவர்களும் அந்த நபியவர்களே. 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நோயாக இருந்தாலன்றிச் சுருக்கம் நீக்க அறுவையோ ஊசியோ கூடாது. நோயானாலும் தீங்கு நேராதென்ற உறுதி வேண்டும் எனத் தீர்மானித்தது. நூலுக்கும் அதுவே அளவுகோல்.

ஆகவே முதலாமவரை, "தயங்காமல் நல்ல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்" என்றேன். இரண்டாமவரிடம், "இதை விரும்பியது அவரா, நீங்களா?" என்றேன். தலைகுனிந்தார்.

கணவன்மார்களே! உங்கள் இல்லத்திற்காக உழைத்து முதிர்ந்த முகம் அது. உங்கள் ஏளனச் சொல்லே அவரை ஊசிக்கு அனுப்பிவிட வேண்டாம். வல்ல நாயன் நம் இல்லங்களில் அன்பை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.