தர்ம ஆஸ்பத்திரியும் நம் மக்களும்

(கல்விச் சங்க வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் கல்வியை விட்டுவிட்டு மருத்துவமனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் எண்ணக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம். அரசுப் பள்ளிக் கரும்பலகையின் முன் நின்று தலை நரைத்தவர்கள். ஆயினும் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஒரு பிள்ளை பத்து நாள் தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லையென்றால் அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு நோய் இருக்கும். தாய் படுத்துவிட்டால் மூத்த பெண் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். தந்தை படுத்துவிட்டால் மகன் செங்கற்சூளைக்குப் போய்விடுகிறான். பிறகு அவர்களைத் திரும்ப அழைத்து வர நாம் வீடு வீடாக நடந்த கதையை இச்சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் அறிவர்.

அரசு மருத்துவமனையை நம் பெரியவர்கள் ‘தர்ம ஆஸ்பத்திரி’ என்றே சொல்லிப் பழகினார்கள். அந்தச் சொல்லை நாம் ஒருபோதும் விரும்பியதில்லை. தர்மம் வாங்குபவன் கேள்வி கேட்க மாட்டான். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்புவான். நாம் வாங்கும் தீப்பெட்டியிலிருந்து சைக்கிள் டயர் வரை எல்லாவற்றின் மீதும் வரி செலுத்துகிறோம். அந்த வரியால் நடக்கும் மருத்துவமனை எப்படித் தர்மமாகும்? அது நம் உரிமை. உரிமை என்று தெரியாத காரணத்தால் நம் மக்கள் இழந்தவை ஏராளம். அவற்றுள் ஒன்றை மட்டும், எங்கள் வீட்டில் நடந்ததையே, கூறுகிறோம்.

1979ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் தங்கைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. இரண்டு வயதுக் குழந்தை. வயிற்றுப்போக்கின்போது தண்ணீர் கொடுத்தால் நோய் மிகும் என்பது அன்று தெருவெல்லாம் நம்பியது. எங்கள் அன்னையாரும் நம்பினார்கள். குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. பிறகு அழக் கண்ணீரும் வரவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது. அந்நாளில் எங்கள் ஊருக்கு மாதம் இருமுறை செவிலியர் ஒருவர் வருவார். ஊர்ச்சாவடியில் அமர்ந்து பதிவேட்டை எழுதி முடித்துவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார். சாவடிக்கும் நம் தெருவுக்கும் இடையே இருந்தது ஒரு வாய்க்கால், ஒரு களத்துமேடு, அவ்வளவுதான். அதைக் கடந்து அவர் வந்து நாம் பார்த்ததில்லை. நம் தாய்மார்கள் சாவடிப் படியேறவும் அன்று முடியாது.

வளர்ந்து, படித்து, ஆசிரியரான பின்னரே ஒரு செய்தியை நாம் அறிந்தோம். 1971இல் வங்கதேச அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு வந்தபோது, முகாம்களில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு நரம்பு வழி மருந்து தீர்ந்துபோயிற்று. அப்போது போன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கொண்டு குடிக்கச் செய்தார். முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. உலகம் முழுவதும் அந்த முறையைப் பிற்பாடு ஏற்றுக்கொண்டது. நண்பர்களே, எங்கள் தங்கை இறப்பதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, இதே நாட்டில், எழுதப்படிக்கத் தெரியாத அகதிகளின் கையாலேயே மெய்ப்பிக்கப்பட்ட மருந்து அது. உப்பும் சர்க்கரையும் எங்கள் வீட்டுப் பானையிலேயே இருந்தன. போன்காவிலிருந்து எங்கள் ஊர்ச்சாவடி வரை ஒருவேளை அந்த அறிவு வந்து சேர்ந்திருக்கலாம். வாய்க்காலைத்தான் அது தாண்டவில்லை.

மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் அறிவு யார் வீட்டு வாசல் வரை வருகிறது, யார் அதைக் கொண்டு வருகிறார்கள் என்பது வேறொரு கேள்வி. இரண்டாம் கேள்விக்குச் செயலால் விடை சொன்ன ஓரிடத்தைப் பற்றித்தான் இன்று உங்களிடம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

மகாராட்டிர மாநிலத்தில் ஜாம்கேட் என்றோர் ஊர். அகமதுநகர் மாவட்டம், அண்மையில் அகல்யாநகர் எனப் பெயர் மாறிற்று. மழை பொய்க்கும் வறண்ட பகுதி. அங்கே 1970இல் ராஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் வந்து சேர்ந்தனர். இருவரும் நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். முன்னர் அதே மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது, குணமாகிப் போனவர்களே அதே நோயுடன் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு மனம் சலித்தவர்கள். பிறகு அமெரிக்கா சென்று பொதுச் சுகாதாரம் படித்தார்கள். அங்கேயே தங்கி வளமாக வாழ்ந்திருக்கலாம், திரும்பி வந்தார்கள். கைவிடப்பட்ட ஒரு கால்நடை மருந்தகத்தில்தான் அவர்களுடைய முதல் மருத்துவமனை தொடங்கிற்று.

முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களில் தங்க வைக்க முயன்றார்கள். அது பலிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த படித்த பெண் கிராமத்தில் தங்க அஞ்சினாள். கிராமத்தாரும் அவளிடம் மனம் திறக்கவில்லை. எனவே, ஒவ்வோர் ஊரும் தன்னிடமிருந்தே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கணவனால் கைவிடப்பட்டவர்களும் இளம் விதவைகளும் இருந்தனர். பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து தங்கிப் பயின்றார்கள். உயர்சாதிப் பெண்கள் தொடக்கத்தில் மற்றவர் சமைத்ததை உண்ண மறுத்தார்கள். அவர்களை யாரும் விரட்டவுமில்லை, நீண்ட உபதேசம் செய்யவுமில்லை. ஒன்றாகச் சமைத்தார்கள், ஒன்றாக அமர்ந்தார்கள், இரவில் ஒரே பெரிய போர்வையின் கீழ் எல்லோரும் படுத்துறங்கினார்கள். வாரங்கள் செல்லச் செல்ல அந்தப் பிடிவாதம் தானே தளர்ந்தது. முப்பதாண்டுகளாகச் சமத்துவப் பாடம் நடத்தும் நாமும் இதைக் கேட்டுச் சற்று வெட்கப்பட்டோம் என்றே சொல்ல வேண்டும். பாடம் நடத்தினோம், போர்வை போர்த்தவில்லை.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் மகாராட்டிரத்தைக் கடும் பஞ்சம் பிடித்தது. குடிநீருக்காக ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினார்கள். அந்தக் கிணறுகளையும் கைப்பம்புகளையும் சேரிப் பகுதியில் அமைக்கும்படி ஆரோலே தம்பதியர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் ஊரார் அங்கே வந்துதான் எடுக்க வேண்டும், வந்து எடுத்தார்கள். இதன் பொருள் நம் இளைஞர்களுக்குப் புரிய வேண்டுமானால் அதே மாநிலத்தின் மகாடு நகரை நினைக்க வேண்டும். 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று சவுதார் குளத்தில் நீரள்ளிப் பருகினார். அந்தக் குளத்தின் மீது நமக்குள்ள உரிமையை நீதிமன்றம் உறுதி செய்யப் பத்தாண்டுகள் ஆயின. குளம் ஊருக்குள் இருந்தபோது நாம் போராடிச் செல்ல வேண்டியிருந்தது. கிணறு சேரிக்குள் இருந்தபோது ஊர் நடந்து வந்தது.

பயிற்சி பெற்ற அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? பிரசவம் பார்த்தார்கள். கருவுற்றவளின் காலில் வீக்கம் இருக்கிறதா எனப் பார்த்து, ஆபத்தானால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குழந்தையை எடை போட்டார்கள். காசநோய்க்காரன் மாத்திரையை விழுங்கினானா என்று நின்று பார்த்தார்கள். தொழுநோயாளியின் வீட்டுக்குள் சென்று புண்ணைக் கழுவினார்கள். உப்புச் சர்க்கரை நீர் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தன் அறிவை மூடி வைக்காத மருத்துவரும், அதை வாங்கிக்கொண்டு தெருவுக்குப் போன பெண்ணும் சேர்ந்தபோது விளைந்தது இது: 1971இல் அப்பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 ஓராண்டு நிறையுமுன் இறந்தன, தொண்ணூறுகளில் அந்த எண் முப்பதுக்கும் கீழே வந்தது. 1979இல் தம்பதியருக்கு மக்சேசே விருது கிடைத்தது. எங்கள் தங்கை இறந்ததும் அதே ஆண்டுதான். அதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ஜாம்கேட்டை அப்படியே நகல் எடுக்க முடியும் என்று நாம் கூறவில்லை. அது நன்கொடையால் எழுந்த தனியார் தொண்டு நிறுவனம். தொண்டு என்ற பெயரில் நம் பெண்களின் உழைப்பைச் சொற்பத் தொகைக்கு வாங்கிக்கொள்ளும் போக்கும் நமக்கு உடன்பாடன்று. 2005இல் தொடங்கப்பட்ட ‘ஆஷா’ திட்டத்தின் பணியாளர்கள் முறையான ஊதியம் இல்லாமல் ஊக்கத்தொகை பெற்று வருவதையும், ஊதியம் கேட்டுத் தெருவில் நிற்பதையும் பார்க்கிறோம். நம் பெண்கள் செவிலியராகட்டும். ஆனால் ஊதிய விகிதத்துடன், பணிப்பதிவேட்டுடன் ஆகட்டும்.

நம் பகுதியில் இன்று நிலைமை பழையதன்று. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், முப்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாய்க்காலைத் தாண்டி இன்று செவிலியர் வருகிறார். நன்றியோடு இதைச் சொல்கிறோம். இருந்தும் நாம் என்ன செய்கிறோம்? காய்ச்சல் என்றதும் ஊசி போடுபவரைத் தேடி ஓடுகிறோம். ஊசி குத்தாவிட்டால் அவர் மருத்துவரே அல்லர் என்கிறோம். வட்டிக்கு வாங்கித் தனியார் மருத்துவமனையில் கட்டுகிறோம். ஆறு மாதம் விழுங்க வேண்டிய காசநோய் மாத்திரையை, இருமல் நின்றதும் இரண்டாம் மாதத்தில் நிறுத்துகிறோம். ஓ.பி. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க நாக்கு எழுவதில்லை. பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் கூடத் தாயை அழைத்துப்போய் வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறார்கள். பட்டம் பெறாத காலத்தில் நம்மைப் படியேற விடவில்லை; இப்போது படி திறந்திருக்கிறது, நாம் ஏறவில்லை.

வெள்ளிவிழா மிச்சப் பணத்தில் தெருமுனையில் நினைவு வளைவு எழுப்பலாம் என்ற கருத்து செயற்குழுவில் எழுந்ததை அறிவோம். சொன்னவர்கள் நம் மதிப்புக்குரியவர்கள். சங்கத்தை வளர்க்க வெயிலில் அலைந்தவர்கள். எனினும் எம் கருத்து வேறு. செவிலியர் பட்டயப் படிப்பு மூன்றாண்டு, பட்டப் படிப்பு நான்காண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியும் விடுதிக்கும் சீருடைக்கும் வழியின்றி வீட்டில் இருக்கும் பெண்கள் நம் தெருவிலேயே உள்ளனர். அவர்கள் பெயரை இங்கே சொல்லுவது முறையன்று. செயலாளரிடம் பட்டியல் கொடுத்திருக்கிறோம். வளைவுக்கான தொகையில் இருவரையாவது படிக்க வைக்கலாம். செயற்குழு அடுத்த மாதம் இதை முடிவு செய்யும்போது, எதிர்த்துப் பேச விரும்புவோரும் தயங்காமல் வர வேண்டும், வாக்கெடுப்பு நடக்கட்டும்.

அதுவரை பணம் வேண்டாத ஒரு வேலை இருக்கிறது. துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் அம்மையார், வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்தின் முன்னறைக்கு வர இசைந்துள்ளார். முதல் பாடம் உப்புச் சர்க்கரை நீர்: காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கேட்பதற்கு எளிது, கை அளவு பழக வேண்டும், உப்பு மிகுந்தால் தீங்கு. வரும் தாய்மார்கள் வீட்டிலிருந்து லிட்டர் அளவுள்ள பாத்திரம் ஒன்றும் தேக்கரண்டி ஒன்றும் கொண்டு வர வேண்டும்.