உடல் எடை, உணவு, வளரிளம் பருவம்: மாநாட்டுத் தலைமை உரை



தலைமை உரை என்றால் பொருளின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்வது வழக்கம். 1873இல் பாரிசில் லாசேக், அதே காலத்தில் லண்டனில் வில்லியம் கல், அனோரெக்ஸியா என்னும் உணவு மறுப்பு நோயை விவரித்தார்கள் என்று நானும் தொடங்கலாம். நீங்கள் படித்ததையே திருப்பிச் சொன்னதாக ஆகிவிடும். நேரே ஃபிஜிக்குப் போகிறேன்.

ஃபிஜி என்றதும் நமக்குக் கரும்புத் தோட்டமும் பாரதியும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அத்தீவின் பூர்வகுடிப் பெண்பிள்ளைகளைப் பற்றி. அங்கே வாட்டசாட்டமான உடம்புக்குத்தான் மதிப்பு. பிள்ளை இளைத்தால் ஊரே கவலைப்படும். வீட்டார் சரியாகக் கவனிக்கவில்லை என்ற பேச்சு வரும். "என்னடி இப்படித் துரும்பா இளைச்சுட்டே" என்று கேட்கும் நம் அத்தைமார்களுக்கு அந்த ஊர் அந்நியமாக இருக்காது.

நட்ரோகா மாகாணத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில், மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆன் பெக்கர், பள்ளி மாணவிகள் 63 பேரிடம் உணவுப் பழக்கம் பற்றிய வினாத்தாளைக் கொடுத்தார். 1998இல் மறுபடி 65 பேரிடம் கேட்டார். கவலைக்குரிய மதிப்பெண் வாங்கியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் முதல் முறை ஒருவர்கூட இல்லை. மூன்றாண்டு கழித்து 11.3 சதவீதம்.

ஆய்வு முறை தெரிந்தவர்கள் இந்நேரம் கையைத் தூக்கத் தயாராகியிருப்பீர்கள். இரண்டு முறையும் வெவ்வேறு மாணவிகள், சிறிய எண்ணிக்கை, ஒப்பிட வேறு குழு இல்லை. எல்லாம் சரிதான். தொலைக்காட்சிப் பெட்டி நோயைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல இந்தத் தரவு போதாது. எனக்கு எண்களைவிடப் பெரிதாகப் படுவது, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியபோது பெக்கருக்குக் கிடைத்த பதில்கள். அமெரிக்கத் தொடர்களில் வரும் ஒல்லியான பெண்களுக்கு வேலை இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, சொல்லுக்கு மரியாதை இருக்கிறது. நாமும் அப்படி ஆனால் வேலை கிடைக்கும், அம்மா அப்பாவுக்கு உதவலாம் என்று அந்த மாணவிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். வயலும் ஊரும் மட்டுமே வாழ்க்கை என்றிருந்த நிலை மாறிக்கொண்டிருந்த காலம் அது. கூலிவேலை, நகரம், படிப்பு என்ற புதிய உலகத்தில் நுழைய உடம்பை அனுமதிச் சீட்டாக நினைத்தார்கள்.

ஆகவே, இந்த நோயை அழகுப் பைத்தியம், வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செல்போனைப் பிடுங்கி வைத்தால் தீர்ந்துவிடும் என்பதும் அரை வைத்தியம்தான். அதே குழு ஃபிஜியிலிருந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண்ணின் வீட்டில் என்ன ஊடகம் இருந்தது என்பதைத் தனியே ஒதுக்கிப் பார்த்தாலும், அவளுடைய தோழிகளுக்கு என்ன ஊடகப் பழக்கம் இருந்தது என்பது உணவுக் கோளாறோடு தொடர்புடையதாக வந்தது. பெட்டியே இல்லாத வீட்டுக்கும் பக்கத்து பெஞ்சிலிருந்து அது வந்து சேரும்.

இரண்டாவது சேதி ஹாங்காங்கிலிருந்து. அங்கே மனநல மருத்துவர் சிங் லீ பார்த்த நோயாளிகளில் பலர் எலும்பும் தோலுமாக இருந்தும், குண்டாகிவிடுவேன் என்ற பயத்தைச் சொல்லவே இல்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை என்றார்கள். அன்றைய மேலைநாட்டு அளவுகோலில் அந்தப் பயம் கட்டாயமாக இருந்தது. 2013இல் வந்த, அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5, பயத்தை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், எடை கூடவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தால் போதும் என்று இடம் கொடுத்தது. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது. சென்னையிலும் 1990களிலேயே மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடையே உணவுக் கோளாறின் லேசான வடிவத்தைக் கண்டு, அதற்கென வினாத்தாளே உருவாக்கினார்கள். அந்த வேலையை நாம் போதுமான அளவு தொடரவில்லை என்பது என் குறை.

இந்த நோயோடு நம் பிள்ளைகள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்று பாருங்கள். மாதவிலக்கு நின்றதென்று மகப்பேறு மருத்துவரிடம். நெஞ்செரிச்சல் என்று வயிற்று மருத்துவரிடம். அங்கே எண்டோஸ்கோப்பி எடுத்து, "கொஞ்சம் அல்சர் மாதிரி" என்று மாத்திரை. செவ்வாய், வெள்ளி, சனி என்று விரதம் கூடிக்கொண்டே போனால் வீட்டில் பக்திக்கு மெச்சுகிறார்கள். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடும் பெண்ணின் எடை முற்றிலும் சரியாக இருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம், இதயம் எந்த நேரமும் தடுமாறலாம். நாடி பார்க்கக் கையைப் பிடிக்கும்போது விரல் மொளியையும் பாருங்கள். தொண்டைக்குள் விரல் விடும்போது மேல்பல் உரசி அங்கே காய்த்துப்போயிருக்கலாம். ஜெரால்டு ரஸல் 1979இலேயே எழுதிவைத்த அடையாளம் அது. பார்ப்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உயரம், எடை பார்க்கும் நாளில் வகுப்பே வரிசையில் நிற்க, ஒருவர் எடையை உரக்கச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தனியறையில் எழுதலாம். பையன்களையும் மறக்காதீர்கள், ஜிம்மும் புரோட்டீன் பவுடருமாக அவர்கள் கதை வேறு பாதையில் போகிறது, நாளைப் பிற்பகல் அதற்கென ஓர் அமர்வு இருக்கிறது.

கட்டுரை வாசிக்கப்போகிறவர்கள் மதிப்பெண் அட்டவணையோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் சொன்ன காரணத்தை அவர்கள் சொன்ன சொற்களிலேயே தாருங்கள். இன்னொன்றும் உண்டு. நோயாளி எத்தனை கிலோவுக்கு இறங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை கலோரியில் இருந்தார், எந்த மாத்திரையை விழுங்கினார் என்ற விவரங்களையும் எலும்பு தெரியும் படங்களையும் திரையில் காட்ட வேண்டாம். இந்த அரங்கின் பின்வரிசைகளில் பதினெட்டு, பத்தொன்பது வயது மாணவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த எண்ணை எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காகக் குறித்துக்கொள்ளும் ஒருத்தி அவர்களில் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பக்கங்கள் இருந்தால் தேநீர் இடைவேளைக்குள் நீக்கிவிடுங்கள். அதற்காக முதல் அமர்வைக் கால் மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.